மனு மேஜையில் ஒரு வருகைப் பதிவேடு

மனு எழுதித் தரும் தொழிலுக்கு விதி ஒன்றே ஒன்றுதான்: வந்தவர் சொல்வது முழுவதையும் கேட்க வேண்டும், அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எழுத வேண்டும். விதியின் முதல் பாதியைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதைப் பிறர் செலவில் கற்றவள் நான்.

ஏதேனும் ஓர் அலுவலக வாசலில், வியர்வையில் நனைந்த தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "அந்த சீட்ல கேளுங்க" என்ற திருவாக்கைக் கேட்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நாம் ஒரே வகுப்பில் பயின்றவர்கள். ஆகவே தயக்கமின்றிச் சொல்கிறேன்.

பள்ளத்தால் வந்த பதவி

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்வழிப் பள்ளியில் குடிமையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். சட்டமன்றம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து விளக்கியிருக்கிறேன். ஆனால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது, மயிலாப்பூரில் என் வீட்டு வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தை மூடாமல் போய்விட்டார்கள் என்று மனு கொடுக்கத்தான்.

எங்கள் உறுப்பினர் தொழிலால் வழக்கறிஞர். காலையில் உயர் நீதிமன்றம், கூட்டத்தொடர் நாள்களில் கோட்டை, மாலையில் மந்தைவெளிச் சந்து ஒன்றிலுள்ள இந்த அலுவலகம். தொகுதி முழுவதும் அவருக்கு வக்கீலம்மா என்றே பெயர். பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம், அதில் விழுந்தவர்களின் பட்டியல், ஒரு வரைபடம் ஆகியவற்றோடு நான் நீட்டிய மனுவை அவர் இருமுறை படித்தார். "இதை யார் எழுதிக் கொடுத்தாங்க?" என்றார். "நானே எழுதினேன். பிறரை எழுதச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை" என்றேன். மறுவாரமே வாசலையொட்டிய மேஜை எனக்கு ஒதுக்கப்பட்டது. ஊதியம் வேண்டாம், மின்விசிறி மட்டும் வேண்டும் என்றேன்.

அவருடைய உதவியாளர் குமரேசன் நாற்பதைக் கடந்தவர். நாக்குக்கு மட்டும் வயது ஏறவில்லை. என்னைப் பார்த்தார், வக்கீலம்மாவைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "பள்ளத்தை மூட வழி கேட்டு வந்தாங்க. அவுங்களையே இங்க புடிச்சி உக்கார வெச்சிட்டீங்களே மேடம்!"

ஒன்றரைப் பக்கப் பட்டங்கள்

என் முதல் வாடிக்கையாளர் மந்தைவெளியில் பாத்திரக் கடை வைத்திருந்த பெரியவர். மனுவைத் தாமே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். "ஏழைகளின் விடிவெள்ளியே, நீதியின் நெடுங்கடலே, தென்சென்னையின் தென்றலே" என்று தொடங்கி, ஒன்றரைப் பக்கம் தென்றல் வீசியது. கடை முன்னால் கழிவுநீர் பொங்குகிறது என்ற செய்தி கடைசி இரண்டு வரிகளில், அதுவும் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

பட்டங்கள் அனைத்தையும் சிவப்பு மையால் அடித்தேன். எஞ்சியது நான்கு வரி. அந்த நான்கு வரி போன நான்காம் நாள் கழிவுநீர் நின்றது. நன்றி சொல்ல வந்தவரின் முகத்தில் மட்டும் ஒரு குறை இருந்தது.

"வேலை ஆயிடுச்சும்மா, ரொம்ப சந்தோஷம். ஆனா அந்தத் தென்றலையாவது விட்டிருக்கலாம்."

ஒரு தாளில் மூன்று

ஜூலை மாதத்து மாலை ஒன்றில் தனம் வந்தாள். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். கரையிலிருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களுக்கு நகரின் தெற்கு எல்லையில் அடுக்குமாடி வீடு கொடுத்திருந்தார்கள். அவளுக்கு வேலை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில், திருகாணிகளை எண்ணிப் பெட்டியில் அடைப்பது. மகள் பவித்ரா நந்தனம் பக்கத்துப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தக் குடியிருப்பிலிருந்து பழைய பள்ளிக்கே வரும் பிள்ளைகள் நாற்பத்தொருவர்.

அவள் நீட்டிய தாளில் மூன்று கோரிக்கைகள் இருந்தன: காலையில் பள்ளிக்கு நேர்ப் பேருந்து, படிக்கட்டில் விளக்கு, பக்கத்தில் நியாயவிலைக் கடை. மூன்றும் மூன்று துறை. மூன்று துறைக்கு ஒரு மனு போனால் ஒவ்வொரு துறையும் மற்ற இரண்டைக் கைகாட்டிவிட்டு உறங்கும். "ஒரு தாளுக்கு ஒரு கோரிக்கை. பிரித்து எழுதிக்கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்தேன். விதி சரியானது. பட்டறையில் அரை நாள் விடுப்பு எடுத்து, இரண்டு பேருந்து மாறி வந்தவளிடம் அதை அப்படிச் சொன்னதுதான் தவறு. உட்காரச் சொல்லி, நானே மூன்று தாளில் எழுதிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அன்று வரிசை நீளமாக இருந்தது என்பது என் சமாதானம். வகுப்பில் எந்த மாணவியிடமும் அந்தச் சமாதானத்தை நான் ஏற்றதில்லை.

தனம் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். படியிறங்கும்போது திரும்பாமலே சொன்னாள்: "பிரிச்சி எழுதத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு உங்கிட்ட வரப்போறேன்?"

சட்டம் இயற்றச் சொன்ன மாமி

உறுப்பினரே வழக்கறிஞராகவும் இருப்பதில் ஒரு தொல்லை உண்டு: வருபவர்களுக்கு எந்த வக்கீலம்மாவிடம் வந்திருக்கிறோம் என்பது விளங்குவதில்லை. வழக்குக் கட்டோடு அலுவலகத்துக்கும், சாலை விளக்கு மனுவோடு நீதிமன்றத்துக்கும் போய்க்கொண்டிருப்பார்கள்.

மாட வீதிகளில் ஒன்றிலிருந்து ஒரு மாமி வந்தார். மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி, பிழியாத புடவையைக் கைப்பிடிச் சுவரில் உலர்த்துகிறாராம். அது கீழே இவருடைய வடாத்தின் மேல் சொட்டுகிறதாம். பதினோரு ஆண்டுச் சொட்டு. இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்றார். இது உரிமையியல் வழக்கு, சட்டமன்றம் இதில் தலையிடாது என்று பொறுமையாக விளக்கினேன். மாமி என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

"எங்காத்துல எல்லாரும் விசாரிச்சுண்டுதான் வந்திருக்கோம். கோர்ட்டுக்குப் போனா இருபது வருஷம் ஆகும்ங்கறா. சட்டசபையில எல்லாருமா சேர்ந்து கையைத் தூக்கினா ரெண்டு நிமிஷந்தானே ஆகும்?"

சால்வை அலமாரி

கரும்பலகையில் நான் வரைந்த சட்டமன்றக் கட்டங்களில் சால்வைக்கு இடமே இல்லை. நடைமுறையில் அதுவே நடுநாயகம். உறுப்பினர் போகும் விழாதோறும் பத்துப் பேராவது சால்வை போர்த்துவார்கள். போர்த்திய நொடியில் படம், படம் முடிந்த நொடியில் பின்னால் நிற்கும் குமரேசன் அதை உருவி மடித்துக்கொள்வார், அடுத்தவர் காத்திருப்பாரே! மடித்தவை அனைத்தும் எங்கள் பின்னறை அலமாரிக்கு வந்து சேரும்.

தீபாவளிக்கு முன், அவற்றை முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கொடுத்தனுப்ப வக்கீலம்மா சொன்னார். கறை படிந்ததையும் கிழிந்ததையும் கொடுப்பது மரியாதையன்று என்பதால், ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்த பிறகே அனுப்புவேன் என்றேன். குமரேசன் தலையில் அடித்துக்கொண்டார். ஏழாவது சால்வையை உதறினேன். ஒரு தாள் விழுந்தது. பன்னிரண்டாவதிலிருந்து இன்னொன்று. மாலைக்குள் பத்தொன்பது மனுக்கள் தரையில் கிடந்தன. சால்வையின் உள்மடிப்பில் வைத்துப் போர்த்தினால் மனு உறுப்பினரின் தோளையே சேர்ந்துவிடும் என்று மக்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தச் சால்வையை யாரும் விரித்துப் பார்ப்பதே இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பதினான்காவது தாள் நான்காக மடித்த தடம் பதிந்த தாள். நேர்ப் பேருந்து, விளக்கு, நியாயவிலைக் கடை. சுதந்திர தின விழாக் கட்டிலிருந்த சால்வை; தனம்தான் போர்த்தியிருக்கிறாள். இரண்டு மாதமாக அலமாரியில் உறங்கியிருக்கிறது. அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். பட்டறை இரைச்சலுக்கு நடுவே தனத்தின் குரல் வந்தது. நான் யார் என்று சொன்னதும் திருகாணி எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பேசினாள்.

"கையில குடுத்தா உன் மேஜைக்குத்தான வரும்? அதான் துணிக்குள்ள வெச்சேன். இப்ப இன்னாத்துக்கு போன் பண்றே? பஸ்ஸுல ஏற முடியாம டெய்லி லேட்டு, பவித்ரா ஸ்கூலுக்குப் போயி மூணு வாரம் ஆச்சி. பொங்கல் கழிச்சி எங்கூட பட்டறைக்கு வந்துடும்."

எந்தத் தொகுதிப் பிள்ளை

அன்று மாலையே, மற்ற இரண்டையும் பிறகு எழுதலாம் என்று வைத்துவிட்டு, பேருந்துக்கு மட்டும் தனித்தாளில் மனு எழுதினேன். அதோடு வக்கீலம்மாவின் அறைக்குள் போனேன். என் தவறையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பதில் சொல்லும் முன் குமரேசன் ஒரு நியாயத்தை எடுத்து வைத்தார். அவர் தீயவர் அல்லர்; அரசியல் தெரிந்தவர். அந்த மக்களுடைய வாக்குகள் புதுக் குடியிருப்புக்கு மாறிவிட்டன, அது வேறு தொகுதி, வேறு உறுப்பினர், நாம் ஏன் தலையிட வேண்டும்?

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு தவறான இடத்தில் காலை வைத்துவிட்டால் அவர் அப்படித்தான் செய்வாராம்.

"ஓட்டு அங்க போயிருக்கலாம், குமரேசன். பள்ளிக்கூடம் என் தொகுதியிலதான் இருக்கு. வகுப்புல காலியா கிடக்கிற பெஞ்சு என் தொகுதி பெஞ்சு."

குறுக்கு விசாரணை

மனுவுக்கு மூன்றாம் வாரம் பதில் வந்தது: நேரில் ஆய்வு செய்ததில் அத்தடத்தில் போதிய பயணிகள் இல்லை. ஆய்வு நடந்த நேரம் முற்பகல் பதினொரு மணி. பள்ளிப் பிள்ளைகளைப் பதினொரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் தேடியிருக்கிறார்கள்!

நான் பொங்கினேன். வக்கீலம்மா என்னைக் கூண்டில் ஏற்றினார். நாற்பத்தொரு பிள்ளைகள் என்று யார் சொன்னது? தனம். நீங்கள் பார்த்தீர்களா? இல்லை. பள்ளிக்குத் தாமதமாகிறது என்பதற்குச் சாட்சி? அதுவும் தனம். முப்பத்து மூன்று ஆண்டுகள் கேள்வி கேட்டே பழகிய எனக்குப் பதில் சொல்லும் இடத்தில் நிற்பது புதிது. இறுதியில் அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்.

"டீச்சர், நீங்க சொல்றது அத்தனையும் உண்மை. ஆனா உண்மைக்கும் ஒரு ரெஜிஸ்டர் வேணும்."

ஆறே முக்கால் மணி வகுப்பு

பதிவேடா? அது என் ஆயுதமல்லவா! கடைக்குப் போய் நீள வாட்டில் கோடிட்ட வருகைப் பதிவேடு ஒன்று வாங்கினேன். மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அந்தக் குடியிருப்பின் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். குமரேசன்தான் தம் இருசக்கர வண்டியில் ஏற்றிச் சென்றார். வழியெல்லாம் முணுமுணுத்தார், ஒரு நாளும் தாமதிக்கவில்லை.

பெயர் கூப்பிட்டேன். முதல் நாள் பிள்ளைகள் விழித்தார்கள். இரண்டாம் நாள் வரிசையில் நின்று "உள்ளேன் அம்மா" என்றார்கள். புறப்பட்ட நேரத்தை நான் குறித்தேன். போய்ச் சேர்ந்த நேரத்தைப் பள்ளி வாயிலில் தலைமையாசிரியை குறித்துக் கையொப்பமிட்டார். ஒருமுனைச் சாட்சி நிற்காது என்பது வக்கீலம்மாவின் கட்டளை. பத்துப் பள்ளி நாள்கள். இரண்டு பேருந்து மாறி, நெரிசலில் ஏற முடியாமல் மூன்றாவதற்குக் காத்திருந்து, முதல் பாடவேளை முடிந்த பிறகே அவர்கள் போய்ச் சேர்ந்த நாள்கள் எட்டு. முப்பத்து நான்கு பெயர்களுக்கு எதிரே குறி. ஏழு பெயர்களுக்கு எதிரே பத்து நாளும் வெற்றிடம். எழுவரும் பெண்கள். முதற்பெயர் பவித்ரா.

அந்தப் பத்து நாளும் தனம் மூன்றாம் மாடி நடையில் நின்று என்னைப் பார்த்தாள், இறங்கி வரவில்லை. பத்தாம் நாள் கையில் தேநீர்க் குவளையோடு வந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இன்னா டீச்சரம்மா, வராத பொண்ணு பேரையும் டெய்லி கூப்புட்டுக்கினே கீறே? மேல உக்காந்துக்கினு அது காதைப் பொத்திக்கிது. இந்தா, டீயைக் குடி."

இரண்டு நிமிடம்

கூட்டத்தொடரில் இந்தப் பொருளுக்கு வக்கீலம்மாவுக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். புள்ளிவிவரங்களை நான் நான்கு பக்கத்துக்குத் தொகுத்துக் கொடுத்திருந்தேன். அவர் அவற்றைத் தொடவே இல்லை. பதிவேட்டை மட்டும் எடுத்துப் போனார். எழுந்து நின்று, ஏழு பெயர்களை ஒவ்வொன்றாக, வகுப்போடு வாசித்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் வகுப்பாசிரியை காத்திருப்பதுபோல் ஒரு கணம் காத்திருந்தார். ஏழு முறையும் அவையில் எவரும் "உள்ளேன்" என்று சொல்லவில்லை. பின்னர், ஆய்வு நடந்த நேரத்தையும் பள்ளி தொடங்கும் நேரத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு அமர்ந்தார். இரண்டு நிமிடத்தில் இருபது நொடி மிச்சம். ஒரு வாரத்துக்குள் பேருந்து விடப்படும் என்று அமைச்சர் எழுந்து சொன்னார்.

பேச்சின் காணொளித் துண்டு பிற்பகலில் குமரேசனின் கைப்பேசிக்கு வந்தது. பட்டறையிலிருந்து நேரே வந்திருந்த தனம் அதை மூன்று முறை போடச் சொன்னாள். மூன்று முறையும் முதற்பெயரிலேயே நிறுத்தச் சொன்னாள்.

"எங்க தெருவுல தண்ணி லாரிக்காரனுக்குக்கூட அது பேரு தெரியாது. இப்ப கோட்டையில அத்தினி பேரு கம்முனு குந்திக்கினு கேட்டாங்க பாரு!"

முதல் வண்டி

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்குப் பேருந்து வந்தது. நெற்றியில் "பள்ளி சிறப்பு" என்ற பலகை. ஓட்டுநர் இறங்கி வந்து, "இங்க அட்டென்டன்ஸ் எடுக்கிற டீச்சர் யாரு? அவுங்க கூப்பிட்டு முடிச்சப்புறந்தான் வண்டியை எடுக்கணுமாம்" என்றார். அது வக்கீலம்மாவின் ஏற்பாடு.

நான் பதிவேட்டைப் பிரித்தேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது, பனிக்காலம் அல்லவா! முதற்பெயரைக் கூப்பிட்டேன். சீருடையின் தையலைப் புதிதாகப் பிரித்து நீட்டியிருந்த ஒரு பெண், பின்வரிசையிலிருந்து, சண்டைக்கு வருபவளைப்போல் உரக்கச் சொன்னாள்: "உள்ளேன் அம்மா!" நாற்பத்தொரு பெயர். நாற்பத்தொரு குறி. முப்பத்து மூன்று ஆண்டுகளில் முழு வருகை பதிவான நாள்கள் எனக்கு எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றின் தேதிகூட இப்போது நினைவில்லை. இது மறக்காது.

வண்டி புறப்பட்டதும் தனம் பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்தாள். ஆரஞ்சு நிறம், சரிகைக் கரை. எல்லார் முன்னிலையிலும் எனக்குப் போர்த்தினாள். பெண்கள் கைதட்டினார்கள், குமரேசன் படம் எடுத்தார், பழக்கதோஷத்தில் அதை உருவ வந்தார். அவர் கையைத் தட்டிவிட்டு, நான் அதைத் தோளிலிருந்து எடுத்து அங்கேயே, அனைவரும் பார்க்க, நன்றாக உதறினேன். இரண்டு தாள்கள் விழுந்தன. ஒன்று படிக்கட்டு விளக்கு. மற்றொன்று நியாயவிலைக் கடை. இரண்டும் பவித்ராவின் கையெழுத்து. தேதி, இணைப்பு, கையொப்பம் எதிலும் ஒரு குறை காண முடியவில்லை.

தனம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்: "ஒரு தாளுக்கு ஒண்ணு, டீச்சரம்மா. இப்ப திருப்பி அனுப்பு பாக்கலாம்!"

விளக்கு எரிகிறது, கடை அடுத்த மாதம் திறக்கவிருக்கிறது, பேருந்து ஒரு நாளும் தவறாமல் ஓடுகிறது. நீளம், அகலம், ஆழம், வரைபடம் ஆகியவற்றோடு நான் கொடுத்த முதல் மனு மட்டும் இன்னும் பரிசீலனையில் இருப்பதால், என்னைக் காண வரும் அன்பர்கள் வாசற்பள்ளத்தைத் தாண்டும்போது எச்சரிக்கையாக இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.